தீபாவளிக்குப் பள்ளியை மூடுவதற்கு முன் கேட்க வேண்டியது

நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை கிடைத்த பிறகு, அமெரிக்காவில் நம்மவர்கள் கூடுதலாக வாழும் ஊர்களில் எல்லாம் கையெழுத்து வேட்டை நடக்கிறது. "எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டும் (ஊர்ப் பள்ளிகளின் நிர்வாக வட்டாரம்) அன்று மூட வேண்டும்." நியாயமான ஆசைதான். ஆனாலும் அதை முதல் கோரிக்கையாக வைப்பது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். பண்டிகை கொண்டாடும் எந்தப் பிள்ளைக்கும் அன்றும் மறுநாளும் தேர்வு இருக்கக் கூடாது, வராததால் மதிப்பெண்ணோ வாய்ப்போ போகக் கூடாது. இந்த விதியை எழுத்தில் வாங்குவதுதான் முதல் வேலை.

ஏன் என்று சொல்கிறேன். அமெரிக்க அரசுப் பள்ளி ஒரு மதத்தைச் சிறப்பிப்பதற்காகக் கதவை மூட முடியாது. புனித வெள்ளியன்று மாநிலம் முழுக்கப் பள்ளிகளை மூடச் சொன்ன இல்லினாய் சட்டம் 1995இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அடிபட்டது. மேரிலாந்தில் ஈஸ்டரையொட்டிய விடுமுறையை எதிர்த்து ஓர் ஆசிரியை போட்ட வழக்கில், 1999இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுமுறை செல்லும் என்றது. அன்று ஏராளமான பிள்ளைகளும் ஆசிரியர்களும் வர மாட்டார்கள், பள்ளி நடத்திப் பயனில்லை என்ற நடைமுறைக் காரணம் அங்கே நின்றது. அதனால் நீங்கள் மனுவோடு போனால், பள்ளிகளை நிர்வகிக்கும் உள்ளூர்க் குழுவான ஸ்கூல் போர்டின் வக்கீல் பண்டிகையின் பெருமையைக் கேட்க மாட்டார். போன வருடம் அன்று எத்தனை பேர் வரவில்லை என்றுதான் கேட்பார்.

அந்தக் கணக்கை நாமே கெடுத்துக்கொள்கிறோம். தீபாவளியன்று காலையில் பள்ளிக்கு அழைத்து "காய்ச்சல்" என்று சொல்லிவிடுகிறோம். அது உடல்நலக் குறைவு என்று பதிவாகிறது. பண்டிகைக்காக வராதவர்கள் என்ற கட்டத்தில் எண்ணிக்கை ஏறுவதே இல்லை. வருகைப் பதிவு இணையப் பக்கத்தில் மத அனுசரிப்பு என்ற காரணம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வரி மின்னஞ்சலில் பண்டிகையின் பெயரையும் தேதியையும் எழுதி அனுப்புங்கள். உண்மையைச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் நம் பண்டிகைக்குக் காய்ச்சல் என்று பெயர் வைக்க வேண்டிய அவசியம் என்ன?

அடுத்தது நாள் கணக்கு. நியூயார்க், நியூஜெர்சி இரண்டிலும் ஆண்டுக்கு 180 பள்ளி நாட்கள் வேண்டும். ஒரு நாள் மூடினால் அந்த நாளை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். ஜூன் கடைசியில் நீட்டுவார்கள், அல்லது வசந்த விடுமுறையில் ஒரு நாளைக் குறைப்பார்கள். மூடிய நாளில் பள்ளியில் மதிய உணவு இல்லை. மணிக்கணக்குக் கூலிக்குப் போகும் தாய் அன்று பிள்ளையை எங்கே விடுவார்? விடுமுறை கேட்பவர்களில் பலர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கக்கூடியவர்கள். இந்தச் சுமை வேறு வீடுகளில் இறங்குகிறது என்பதை நாம் மனசாட்சியோடு எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெறும் அங்கீகாரச் சண்டையாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டி நல்ல பாடம். யூதப் பண்டிகைகளுக்குப் பெயர் போட்டு விடுமுறை இருக்கிறது, ஈத் பெருநாளையும் அதே மாதிரி குறிப்பிடுங்கள் என்று முஸ்லிம் பெற்றோர் கேட்டார்கள். 2014 நவம்பரில் போர்டு 7க்கு 1 என்று வாக்களித்து, காலண்டரிலிருந்து எல்லா மதப் பண்டிகைகளின் பெயர்களையும் நீக்கியது. விடுமுறை நாட்கள் அப்படியே இருந்தன, பெயர்கள்தான் போயின. கேட்டவர்களுக்கு அந்த வாக்கெடுப்பில் எதுவும் கிடைக்கவில்லை, இருந்தவர்களுக்கும் மனக்கசப்பு.

நியூஜெர்சியின் ஏற்பாடு எனக்குப் பிடித்தது. மாநிலம் மதப் பண்டிகைகளின் நீண்ட பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. பெற்றோர் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தால் போதும். வராத காரணத்தால் பிள்ளை எந்த விருதையும் தகுதியையும் இழக்காது, தவறிய தேர்வை வேறு நாளில் எழுதும் உரிமை உண்டு. பட்டியலில் இல்லாத நாளை உள்ளூர் போர்டு சேர்த்துக்கொள்ளலாம். பள்ளியை மூடும் முடிவு எண்ணிக்கை பெரிதாக இருக்கும் சமூகத்துக்கே கிடைக்கும். இந்த விதியோ வகுப்பில் ஒரே ஒரு சீக்கியப் பிள்ளை இருந்தாலும் குருநானக் ஜெயந்திக்குக் கைகொடுக்கும். நம் பொங்கலுக்கும் இதுதான் வழி. ஜனவரி நடுவில் பொங்கலுக்காக ஒரு டிஸ்ட்ரிக்ட்டை மூடவைப்பது நடக்கிற காரியமில்லை.

ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. எங்கே ஓட்டை விழும் என்று சொல்கிறேன். பண்டிகையன்று தேர்வு வைக்காத ஆசிரியர் மறுநாள் முதல் பீரியடிலேயே வைத்துவிடுவார். இரவு பத்து மணிவரை கோயிலில் இருந்த பிள்ளை எப்போது படிக்கும்? ஆகவே மறுநாளையும் விதியில் சேர்க்கச் சொல்லுங்கள். விளையாட்டு அணித் தேர்வும் நாடக ஒத்திகையும் பாடத்திட்டத்துக்கு வெளியே இருப்பதால் விதி அவற்றைத் தொடுவதில்லை. அவற்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏபி தேர்வு பண்டிகையன்று வந்தால், அதே காரணத்தைச் சொல்லிக் கூடுதல் கட்டணமின்றிப் பிந்தைய தேதியில் எழுதலாம். பள்ளியின் ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

தேதிச் சிக்கல் தனி. 2024இல் நியூயார்க் நகரப் பள்ளிகள் முதல் முறையாகத் தீபாவளிக்கு மூடிய நாள் நவம்பர் 1. தமிழர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்தது அக்டோபர் 31 காலையில், நரக சதுர்த்தசிக்கு. விடுமுறை வந்தும் நம் வீட்டுப் பிள்ளை தீபாவளியன்று பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. ஈத் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும், பிறையைப் பார்த்து முடிவு செய்பவர்களுக்கு முந்தைய இரவுதான் தேதி தெரியும். ஒரே ஒரு தேதியை மூடும் காலண்டரால் இதைச் சமாளிக்க முடியாது. "குடும்பம் கடைப்பிடிக்கும் நாள்" என்று விதி இருந்தால் முடியும்.

பெரும்பாலான போர்டுகள் அடுத்த கல்வியாண்டின் காலண்டரைப் பல மாதங்கள் முன்பே வாக்கெடுத்து முடித்துவிடும். அதனால் தீபாவளி வாரத்தில் போய் நிற்காதீர்கள். வரைவு வெளியாகும் கூட்டத்துக்கே போங்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான பண்டிகைத் தேதிகளை ஒரே தாளில் கொடுங்கள். தமிழ்த் தீபாவளியும் வடநாட்டுத் தீபாவளியும் எந்த ஆண்டில் பிரிகின்றன என்று குறித்திருங்கள். ஈத், சீக்கியரின் வைசாகி, பௌத்தரின் வெசாக், சந்திரப் புத்தாண்டு கொண்டாடும் பெற்றோரின் கையெழுத்தும் அதே தாளில் இருக்கட்டும்.