மீட்டர் சுப்பையாவின் கணிப்பு நோட்டு

(மதுரை. 2025, சித்திரை மாதத்து முற்பகல். மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து, அதில் வரிசை வரிசையாகக் கூழ் வடகம். சுப்பையா, வயது எழுபது. வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். பாக்கியம், அவருடைய மனைவி. அவரை ரீடிங் எடுத்துக்கொண்டே இருப்பவர், இன்னும் ஓய்வு பெறவில்லை.)

பாக்கியம்: என்னங்க, மேற்கால மூட்டமா இருக்கு. மழை வருமா?

சுப்பையா: (வானத்தைப் பார்க்காமலே) வராது.

பாக்கியம்: உறுதியாச் சொல்றீங்களா?

சுப்பையா: நூத்துக்கு நூறு. ஒரு சொட்டு விழுந்தா என் பேரை மாத்திக்கோ.

பாக்கியம்: அப்ப சரி. வேட்டியோட அந்த முனையைப் பிடிங்க. கீழ கொண்டு போயிருவோம்.

சுப்பையா: ஏன்டி, வராதுன்னுதானே சொல்றேன்?

பாக்கியம்: அதான் பயமா இருக்கு. பிடிங்க.

(இருவரும் பிணம் தூக்குவதுபோல வேட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்குகிறார்கள். கூடத்தில் விரித்து வைத்த பிறகு, பாக்கியம் முந்தானையிலிருந்து ஒரு நோட்டை எடுக்கிறாள்.)

பாக்கியம்: வேட்டி தேடிப் பரணுக்கு ஏறினப்ப இது கிடைச்சுது. அட்டையில 'தேர்தல் கணிப்பு, ரகசியம்'னு எழுதியிருக்கு. உங்க கையெழுத்து.

சுப்பையா: அதைக் குடு! ஆபீஸ் சமாச்சாரம்.

பாக்கியம்: மீட்டர் ரீடிங்ல என்ன ரகசியம்? முதல் பக்கம், 1980 மே. 'எம்.ஜி.ஆர். முடிந்தார். இனி சினிமாவுக்குத்தான் போக வேண்டும்.' அடியில ரெண்டு கோடு வேற.

சுப்பையா: அன்னைக்கு நிலவரம் உனக்குத் தெரியாது. ஜனவரியில எம்.பி. எலெக்சன். 39 தொகுதியில 37 இந்திரா காங்கிரஸ், தி.மு.க. கூட்டணிக்கு. எம்.ஜி.ஆருக்கு ரெண்டே ரெண்டு, கோபிச்செட்டிபாளையமும் சிவகாசியும். பிப்ரவரியில ஆட்சியையும் கலைச்சுட்டாங்க. நாலு மாசத்துல மறுபடி எலெக்சன்னா யாராயிருந்தாலும் என்ன எழுதுவான்?

பாக்கியம்: யாராயிருந்தாலும் எழுதுவான். ஆனா என் தகப்பனார் தலை தீபாவளிக்குக் கட்டிவிட்ட எச்.எம்.டி. வாட்சைக் கழட்டிப் பந்தயம் வைப்பானா?

சுப்பையா: ...

பாக்கியம்: தீபாவளிக்கு வந்த வாட்ச். வைகாசியில போயிருச்சு. அந்த மனுசன் 129 சீட்டு ஜெயிச்சாரு. அதுவும் எங்க நின்னு? இதே மதுரை மேற்குல நின்னு. உங்க மூக்குக்குக் கீழேயே பிரச்சாரம் பண்ணிட்டுப் போயிருக்காரு.

சுப்பையா: எம்.பி. எலெக்சனுக்கு ஒரு மாதிரி, எம்.எல்.ஏ. எலெக்சனுக்கு ஒரு மாதிரி ஜனங்க போடுவாங்கன்னு அன்னைக்கு எவனுக்குத் தெரியும்? டெல்லிக்கு அந்தம்மா, கோட்டைக்கு இவருன்னு பிரிச்சுப் போட்டுட்டாங்க.

பாக்கியம்: எங்க அத்தைக்குத் தெரிஞ்சிருந்துச்சே. வாட்ச் எங்கடான்னு உங்ககிட்ட கேட்டப்பவே, 'என் புருசன் ரத்தம் அப்படியே ஓடுது'ன்னாக.

சுப்பையா: எங்கப்பாவை இழுக்காத. அவரு காமராஜர் பக்தர். 1967-ல விருதுநகர்ல காமராஜர் தோப்பாருன்னு எவனாவது சொன்னா, குடைக்கம்பை எடுத்துக்கிட்டு அடிக்கப் போவாரு. விபத்துல அடிபட்டுப் படுத்திருந்த காமராஜரே, படுத்துக்கிட்டே ஜெயிப்பேன்னு சொன்னதா ஊரெல்லாம் பேச்சு.

பாக்கியம்: அப்புறம்?

சுப்பையா: 1,285 ஓட்டுல போச்சு. ஜெயிச்சவர் சீனிவாசன்னு ஒரு மாணவர் தலைவர். எங்கப்பா மூணு நாள் சாப்பிடல. அந்தக் குடையை மட்டும் கடைசி வரைக்கும் விரிக்கவே இல்ல.

பாக்கியம்: (பக்கம் புரட்டி) 1991. 'தி.மு.க. முடிந்தது. இரண்டே இரண்டு இடம். இனி எழுந்திருக்க முடியாது.' அடுத்த பக்கம், 1996. தி.மு.க. 173. அதுக்குக் கீழ 'அ.தி.மு.க. முடிந்தது. நான்கே இடம். பர்கூரிலேயே ஜெயலலிதா தோற்றுவிட்டார். இத்துடன் கதை முடிந்தது.' அடுத்த பக்கம், 2001. அந்தக் கட்சிக்கு 132.

சுப்பையா: 1998-லயே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. எம்.பி. எலெக்சன்ல அந்தம்மா கூட்டணி 39-க்கு 30 அடிச்சுதுல்ல.

பாக்கியம்: வந்த சந்தேகத்தை நோட்டுல காணோமே. ஏங்க, நீங்க 'முடிந்தது'ன்னு எழுதின ஒருத்தர்கூட முடியலையே. எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. 'பாக்கியம் முடிந்தாள்'னு ஒரு வரி எழுதி வைங்க. நூறு வயசு வரைக்கும் குத்துக்கல்லு மாதிரி இருப்பேன்.

சுப்பையா: உனக்கு அரசியல் தெரியாது பாக்கியம். கணிப்புங்கிறது ஒரு விஞ்ஞானம். நான் டீக்கடையில உக்காந்து சொன்னவன் இல்ல. ஒரு நாளைக்கு நூறு வீடு ஏறி இறங்கினவன். ரீடிங் எடுக்கறப்ப அப்படியே பேச்சுக் குடுத்து, அட்டைக்குப் பின்னாடி புள்ளி வச்சுக்கிட்டு வருவேன். இந்த ஊர்ல எனக்கு இருந்த சாம்பிள் எந்த டிவிக்காரனுக்கும் கிடையாது.

பாக்கியம்: அங்கதான் கோளாறே. மீட்டர்காரர் வாசல்ல நிக்கிறாரு. கையில பேனா, அட்டை. 'இந்தத் தடவை இவுகதானே வருவாக?'ன்னு நீங்களே கேப்பீங்க. யூனிட் கூடிரக்கூடாதேன்னு 'ஆமாங்க சார், அவுகதான்'னு அவன் தலையாட்டுவான். உங்களுக்கு மோர் வேற குடுப்பான். நீங்க மோரையும் குடிச்சுட்டு ஒரு புள்ளியும் வச்சுட்டு வந்துருவீங்க.

சுப்பையா: (யோசித்து) மோர் குடுத்தாங்க. அது உண்மை.

பாக்கியம்: மக்கள் எழுவத்தஞ்சு வருசமா ஓட்டை மறைச்சுல்ல போடுறாங்க. முகம் தெரியாதவன் வந்து கேட்டா வாயில சொல்லிருவாங்களாக்கும்?

சுப்பையா: வெள்ளைக்காரனே தப்புப் பண்ணியிருக்கான்டி. அமெரிக்காவுல 1936 ஜனாதிபதி எலெக்சன்ல லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை. ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பிச்சு, இருபது லட்சம் பேருக்கு மேல பதில் போட்டாங்க. லாண்டன்னு ஒருத்தர்தான் ஜெயிப்பாருன்னு போட்டான். கடைசியில மொத்தம் 48 மாநிலத்துல 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிட்டுப் போயிட்டாரு.

பாக்கியம்: இருபது லட்சம் பேரைக் கேட்டும் தப்பா? எப்படி?

சுப்பையா: டெலிபோன் டைரக்டரியிலயும் கார் வச்சிருந்தவன் பட்டியல்லயும் விலாசம் எடுத்திருக்கான். அந்தக் காலத்துல போனும் காரும் எவன்கிட்ட இருக்கும்? பணக்காரன்கிட்ட. ஏழைகிட்ட கேக்கவே இல்ல. ரெண்டு வருசத்துல பத்திரிகையை இழுத்து மூடிட்டான்.

பாக்கியம்: பாருங்க, தப்பானதும் மூடிட்டான். ரோசக்காரன். (புரட்டுகிறாள்) ஆ... 2004! இந்தப் பக்கத்தைத்தான் தேடினேன்.

சுப்பையா: அந்தப் பக்கம் வேண்டாம்.

பாக்கியம்: 'இந்தியா ஒளிர்கிறது. வாஜ்பாய் மீண்டும் பிரதமர். தமிழ்நாட்டில் அந்தக் கூட்டணிக்கு இருபது.' பக்கத்துல சின்ன எழுத்துல 'தவறினால் மீசை இல்லை.'

சுப்பையா: பேப்பர்ல பக்கம் பக்கமா விளம்பரம். எலெக்சனையே முன்கூட்டி வச்சாங்க. தோக்கிறவன் எவனாவது முன்கூட்டி வைப்பானா?

பாக்கியம்: அவுகளுக்கு இங்க ஒண்ணுகூடக் கிடைக்கல. தமிழ்நாடு, பாண்டிச்சேரி சேர்த்து நாப்பதும் தி.மு.க. அணிக்கு. மே 13-ஆம் தேதி ரிசல்ட்டு. எட்டாம் நாள் நம்ம பொண்ணுக்குக் கல்யாணம். நீங்க வழிச்ச மூஞ்சியோட வந்து நிக்கிறீங்க. சம்பந்தி வீட்டுல என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'வீட்டுல எதுவும் துக்கமா? மறைக்காமச் சொல்லுங்க'ன்னு கேட்டாக.

சுப்பையா: வாக்குக் குடுத்துட்டேன். மதுரைக்காரன்.

பாக்கியம்: மதுரைக்காரன் ஏன் கண்மையால மீசை வரைஞ்சாரு? மே மாசம், மண்டபத்துல ஹோமப் புகை, வேர்வை. கன்னிகாதானம் பண்றப்ப ஒரு பக்க மீசை தாடையில இறங்கியிருக்கு. ஆல்பத்துல இருக்கு, எடுத்துட்டு வரட்டா?

சுப்பையா: ஆல்பத்தையும் பரண்ல போட்டிருக்கலாம்.

பாக்கியம்: 2016. 'தி.மு.க. உறுதி.' இதுக்கு என்ன பந்தயம்னு எழுதல. ஆனா எனக்கு ஞாபகம் இருக்கு.

சுப்பையா: அது மட்டும் என் தப்பே இல்ல. 1984-க்கு அப்புறம் 32 வருசமா தமிழ்நாட்டுல ஆண்ட கட்சி மறுபடி வந்ததே இல்ல. இந்தத் தடவை இவுக, அடுத்த தடவை அவுக, டவுன் பஸ் மாதிரி. வாக்குப்பதிவு முடிஞ்ச அன்னைக்கு டிவியில முக்கால்வாசிப் பேரும் தி.மு.க.ன்னுதான் சொன்னான். ரெண்டு அணிக்கும் ஓட்டு வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம்தான் பாத்துக்க. ராதாபுரத்துல 49 ஓட்டுல ஜெயிச்சிருக்கான்! நாப்பத்தொம்போது! ஒரு கல்யாணப் பந்தியில ஒரு வரிசை எந்திரிச்சுப் போயி மாத்திப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

பாக்கியம்: அந்த அம்மா 134 வாங்கி மறுபடி வந்துட்டாக. நீங்க நம்ம தெருவுக்கே ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்தீங்க. அறுபத்திரண்டு கிளாஸ். அதுல பாதிப் பேரு உங்க கணிப்பைக் கேட்டதே இல்ல. ஓசியில வருதுன்னு வந்தவுக.

சுப்பையா: எதிர்வீட்டுக்காரன் ரெண்டு தடவை வந்தான். கவனிச்சேன்.

பாக்கியம்: மீனாட்சி கோயில் பக்கம் கிளி ஜோசியம் பாக்குறாகள்ல, அந்தக் கிளிக்கு இருக்கிற அடக்கம் உங்களுக்கு உண்டா? அது ஒரே ஒரு சீட்டை எடுக்கும், ஒரு நெல்லைக் கொறிக்கும், கூண்டுக்குள்ள போயிரும். நீங்க 234 சீட்டையும் எடுத்தீங்க. நெல்லு மட்டும் நம்ம வீட்டுல இருந்து போச்சு.

சுப்பையா: போதும். நோட்டைக் குடு. கடைசியில இருந்து நாலாவது பக்கத்தை நான் வாசிக்கிறேன். (பிடுங்கிப் புரட்டுகிறார்) ம்... கேளு. '2017 டிசம்பர் 31. ரஜினி கட்சி தொடங்குவதாக அறிவிப்பு. அவர் வரவே மாட்டார் என்பது என் கணிப்பு. கட்டாயம் வருவார், முதலமைச்சரே ஆவார் என்பது பாக்கியத்தின் கணிப்பு.'

பாக்கியம்: அதையெல்லாமா எழுதுவாங்க?

சுப்பையா: '2020 டிசம்பர் 29. உடல்நிலை காரணமாக வரவில்லை என்று ரஜினி அறிவிப்பு. பாக்கியம் தன் தங்கைக்குச் சுங்குடிச் சேலை வாங்கிக் கொடுத்தாள். வீட்டுக் கணக்கில் மளிகை என்று எழுதியிருக்கிறாள்.'

பாக்கியம்: (வடகத்தைச் சரி செய்வதுபோல்) மூணு வருசம் ஒருத்தர் வர்றேன் வர்றேன்னா நம்பத்தானே வேணும்? வாக்கு தவறாத முகம்.

சுப்பையா: 2004-லயும் இதே முகம்தான். பா.ம.க.வைத் தோக்கடிங்கன்னு ரசிகர்கள்கிட்ட சொன்னாரு. ஆறு தொகுதியில நின்னாங்க. ஆறுலயும் ஜெயிச்சாங்க. அதுக்கப்புறமும் நீ சேலை வச்சுப் பந்தயம் கட்டியிருக்க.

பாக்கியம்: சேலை என் தங்கச்சிக்குத்தானே போச்சு? வெளியில போகல. உங்க 2024 வெளியில போச்சே, அதைச் சொல்லவா?

சுப்பையா: (குரல் இறங்கி) அதுவும் எழுதியிருக்கேனா?

பாக்கியம்: எழுத வேற செய்யணுமா? ஜூன் 1, சனிக்கிழமை சாயங்காலம். பா.ஜ.க. கூட்டணிக்கு ஒரு சேனல் 350-ங்கிறான், இன்னொருத்தன் 400-ங்கிறான். ஞாயித்துக்கிழமை முழுக்க நீங்க தூங்கல. திங்கக்கிழமை காலையில ஷேர் மார்க்கெட்டு ரெண்டாயிரத்து ஐநூறு புள்ளி ஏறுது. பாலிசி முடிஞ்சு வந்த நாப்பதாயிரத்தை எடுத்துக்கிட்டு, 'பாக்கியம், நாளைக்கு நீ கேட்ட கிரைண்டர்'னு கிளம்பிட்டீங்க.

சுப்பையா: செவ்வாய்க்கிழமை எண்ணினாங்க.

பாக்கியம்: எண்ணினாங்க. பா.ஜ.க.வுக்கு 240. தனியா நிக்க 272 வேணும். அயோத்தி இருக்கிற பைசாபாத்லயே தோத்துட்டாக. அன்னைக்கே மார்க்கெட்டு நாலாயிரத்து முன்னூறுக்கு மேல விழுந்துச்சு. கணிப்புச் சொன்ன கம்பெனிக்காரர் ஒருத்தர் டிவியில உக்காந்து கண்ணீர் விட்டு அழுதாரு.

சுப்பையா: அவரு அழுதப்ப எனக்கும் அழுகை வந்துச்சு.

பாக்கியம்: வந்துச்சா? நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் அழுதீங்க. அவரு டிவிக்கு உள்ள, நீங்க வெளியே. நான் நடுவுல ஆட்டுக்கல்லுல மாவாட்டிக்கிட்டு இருந்தேன்.

சுப்பையா: மார்க்கெட்டு அப்புறம் ஏறிருச்சுல்ல...

பாக்கியம்: நீங்கதான் புதன்கிழமையே வித்துட்டீங்களே, இன்னும் விழும்னு கணிச்சு!

(சுப்பையா பதில் இல்லாமல் நோட்டை மூடுகிறார். பாக்கியம் அதை மறுபடி வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திறக்கிறாள்.)

பாக்கியம்: இதென்ன, 2026-க்கு இப்பவே எழுதியாச்சா? அதுவும் பென்சில்ல?

சுப்பையா: அழிக்கலாம்ல.

பாக்கியம்: நாப்பத்தஞ்சு வருசத்துல புத்தி வந்திருக்கு. பரவாயில்ல. (ஜன்னலைப் பார்த்து) ஏங்க... என்னங்க இது, வெளிச்சம்?

(சுப்பையா எழுந்து கதவைத் திறக்கிறார். மூட்டம் கலைந்து வாசலில் சுள்ளென்று வெயில். திண்ணையில் கால் வைக்க முடியவில்லை. கூடத்தில் வடகம் ஈரம் மாறாமல் வேட்டியோடு ஒட்டிக் கிடக்கிறது.)

சுப்பையா: பாக்கியம்.

பாக்கியம்: பேசாதீங்க.

சுப்பையா: நான் என்ன சொன்னேன்? ஒரு சொட்டு விழாதுன்னேன். விழுந்துச்சா? எங்க பேனா? பென்சில் இல்ல, பேனா!

பாக்கியம்: அப்புறம் எழுதலாம். முனையைப் பிடிங்க. மாடிக்குக் கொண்டு போவோம்.

(இருவரும் வேட்டியைத் தூக்கிப் படியேறுகிறார்கள். பாதிப் படியில் சுப்பையாவுக்குப் பெருமிதம் தாங்கவில்லை.)

சுப்பையா: இந்த வெயிலுக்கு, சாயங்காலத்துக்குள்ள மொறுமொறுன்னு காஞ்சிரும் பாரு.

பாக்கியம்: (அப்படியே நின்று) அட, வாயை வச்சுட்டாரே மனுசன்! திரும்புங்க கீழ!