இரண்டாம் கல்யாணத்துக்கு அங்கீகாரம் வேண்டாம், ஏமாந்தவளுக்கு வழி வேண்டும்

"சம்பந்தப்பட்டவங்களுக்குச் சம்மதம்னா சட்டத்துக்கு என்ன வந்துச்சு?" என்று பலதார மணத்துக்கு ஆதரவாக நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

எங்கள் மாமாவுக்கு இரண்டு குடும்பம். சேலத்தில் பெரியத்தை தாதகாப்பட்டியில், சின்னத்தை செவ்வாய்ப்பேட்டையில். "மொத சம்சாரத்த அத்துவிட்டாச்சு" என்று சொல்லித்தான் சின்னத்தைக்குத் தாலி கட்டினார். அது பொய் என்று பையன் பிறந்த பிறகுதான் சின்னத்தைக்குத் தெரிந்தது. பெரியத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் என்ன? சொந்த வருமானமில்லாமல் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தவர் தலையாட்டியிருப்பார். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளவா சட்டம்?

1955 இந்து திருமணச் சட்டத்துக்கு முன்பே, 1949லேயே சென்னை மாகாணம் இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்துச் சட்டம் போட்டுவிட்டது. அதைத் தளர்த்தவே கூடாது. ஏற்காடு மலையில் இருக்கும், மலையாளி எனப்படும் மலைவாழ் மக்கள் பழங்குடிப் பட்டியலில் வருவதால் 1955 சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. அது அவர்கள் வழக்கத்துக்குக் கொடுத்த இடம். டவுனில் இருப்பவர் அதைச் சாக்குக் காட்ட முடியாது.

ஆனால் மாமா இறந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். சின்னத்தை மஞ்சப்பையில் ஆதார், கல்யாண போட்டோ, பையனின் டிசி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். வக்கீல் புரட்டிப் பார்த்துவிட்டு, "பையனுக்குப் பங்கு உண்டும்மா, உங்களுக்கு இல்லை" என்றார். அவர் சொன்னது சரிதான். செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கும் பெற்றோர் சொத்தில், கூட்டுக் குடும்பச் சொத்தில் அவர்களுக்கு வரும் பங்கு உட்பட, உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாய்க்கு ஒன்றுமில்லை. முதல் மனைவி இருப்பதை மறைத்துக் கட்டியிருந்தால் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2013லேயே தீர்ப்பு வந்திருக்கிறது. ஆளே போன பிறகு யாரிடம் கேட்பது?

"எம்பேரு எங்கயுமே இல்லையா கண்ணு?" என்று சின்னத்தை கேட்டார். கொலுசுப் பட்டறையில் சலங்கை கோத்துக் கோத்து விரல்நுனி காய்த்துப்போன கை, அந்தப் போட்டோவைத் திரும்பப் பையில் வைக்கவே நேரமானது.

மனைவி என்ற பட்டம் அவருக்கு வேண்டாம். ஏமாற்றிக் கட்டியது நிரூபணமானால், அந்த ஆளின் சொந்தச் சொத்திலிருந்து பாகம் பிரிக்கும் முன்பே, கடனை அடைப்பதுபோல் அவளுக்கு ஒரு தொகை எடுத்துவைக்கச் சட்டம் வர வேண்டும். இதனால் பெரியத்தைக்கு வருவதும் கொஞ்சம் குறையும். அது எனக்கு உறுத்துகிறது. அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவளுந்தான் ஏமாந்துட்டா, எடுத்துக்கட்டும்" என்றார்.