58 வயதில் எடுத்த ரிஸ்க்

ரிஸ்க் எடு, விடாமல் முட்டு, கோடி சம்பாதி. தினமும் ரீல்ஸில் யாராவது கோட்டு மாட்டிக்கொண்டு இதைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கடைசியில் காட்டுவது ஒரு கார், இல்லாவிட்டால் ஈசிஆரில் ஒரு வீடு. பணம் வந்தால் துணிச்சல்காரன், வராவிட்டால் அதே ஆள் ஊதாரி. இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவே இல்லை. ஏன் என்று சொல்ல மதுரையிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைக்கிறேன்.

டாக்டர் கோ. வெங்கடசாமி. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். டாக்டருக்குப் படித்து ராணுவத்தில் சேர்ந்தார். பிரசவ மருத்துவராக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. முப்பது வயதில் முடக்குவாதம் வந்து படுக்கையில் தள்ளியது. ராணுவ வேலையும் போனது, விரல்களும் கோணிக்கொண்டன. இனி பிரசவம் பார்க்க முடியாது என்றானதும் கண் மருத்துவம் படித்தார். பேனா பிடிக்கவே திணறிய கை, கண்ணில் கத்தி வைக்கப் பழகியது. தன் விரல்களுக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டார். வாழ்நாளில் அவர் செய்த கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

விடாமுயற்சி என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது, தோற்ற பரீட்சையையே திரும்பத் திரும்ப எழுதுகிற ஆள். இவர் அப்படி இல்லை. ஆசைப்பட்ட துறையை விட்டுவிட்டார், மருத்துவத்தை விடவில்லை. மோட்டிவேஷன் மேடைகளில் இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

1976இல் அரசு வேலையிலிருந்து ஓய்வு. அதே ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு மருத்துவமனை. வீட்டை அடமானம் வைத்தார்கள், குடும்பத்துப் பெண்களின் நகைகள் அடகுக்குப் போயின. இதைக் கண்ணை மூடிக்கொண்டு குதித்தார் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. பென்ஷன் வந்துகொண்டிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரசு ஆஸ்பத்திரியிலும் கிராமத்து முகாம்களிலும் இருபது வருஷம் பழுத்த அனுபவம் இருந்தது. உண்மையில் பெரிய ரிஸ்க் எடுத்தவர்கள் கூட வந்தவர்கள் என்பேன். தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள். தனியாக கிளினிக் போட்டிருந்தால் பல மடங்கு காசு பார்த்திருக்கலாம். அந்த வயதில், குடும்பத்தை வைத்துக்கொண்டு அண்ணன் பின்னால் போனார்களே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

இன்னொன்று, அங்கே பணத்தை யாரும் கெட்ட வார்த்தையாகப் பார்க்கவில்லை. கொடுக்க முடிந்தவரிடம் வாங்கினார்கள், அந்த வரவில் முடியாதவருக்கு இலவசமாகச் செய்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே டாக்டர்கள்தான். ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். டாக்டர் அப்படியே திரும்பிக்கொள்வார், அவ்வளவுதான். இதில் மிச்சமாகும் நிமிஷங்கள்தான் இலவசத்துக்கு மூலதனம்.

ஆனால் இலவசம் என்று சொன்ன பிறகும் ஜனங்கள் வரவில்லை. பஸ் செலவு, சாப்பாடு, கூட வருகிறவருக்குக் கூலி நஷ்டம். ஆபரேஷனைவிட இந்தச் சில்லறைதான் பயமுறுத்தியது. அதையும் மருத்துவமனையே ஏற்றது. முகாமுக்குப் போய் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கண்புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள்ளேயே வைக்கிற உள்விழி லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதன் விலை கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992இல் ஆரோலேப் என்று சொந்தமாக ஒரு தயாரிப்புக்கூடம் தொடங்கி மதுரையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. அதற்கு முன்னால் புரை எடுத்த ஏழைகளுக்குக் கிடைத்தது அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடிதான்.

எங்கள் அப்பத்தா அப்படி ஒரு முகாம் பஸ்ஸில் ஏறிப் போனவர்தான். அதற்கு முன்பு வாசலில் யார் நின்றாலும் குரலை வைத்துத்தான் ஆளைச் சொல்லும். திரும்பி வந்த கொஞ்ச நாளில், "தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது" என்று நாங்கள் கத்தக் கத்த, கறுப்புக் கண்ணாடியோடு சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கியது. "இத்தன நாளா கல்லத்தானடி ஆக்கிப் போட்டிருக்கீக" என்று என் அம்மாவுக்கு ஒரு திட்டு வேறு.

2006இல் இறக்கும்வரை டாக்டர் வெங்கடசாமி அங்கே சம்பளம் வாங்கவில்லை, பென்ஷனில் வாழ்ந்தார். இதைத் தியாகம் என்று உருகுபவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. மனுஷன் தனக்கு வேண்டியதை நன்றாகவே சம்பாதித்துக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது. இந்தக் கதையைச் சொல்லி, "நம்ம கம்பெனி குடும்பம் மாதிரி" என்று பையன்களை அரைச் சம்பளத்துக்கு வேலை வாங்கும் முதலாளிகளைத்தான் சகிக்க முடியவில்லை. அவர் விட்டுக்கொடுத்தது தன் சம்பளத்தை.

"வேலையை விட்டுடலாமாண்ணே" என்று இன்பாக்ஸில் கேட்கிற தம்பிகளுக்கு: கையில் என்ன தொழில் தெரியும், ஒண்ணாம் தேதி வாடகை யார் கொடுப்பது, வீட்டில் அடகு வைக்கப்போவது யாருடைய நகை, அவருக்கு இதெல்லாம் தெரியுமா? இதற்குப் பதிலை எழுதி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம்.