217 எப்படி 237 ஆனது

'தி ஷைனிங்' என்ற ஆங்கிலப் பேய்ப் படத்தில் வரும் ஹோட்டல் அமெரிக்காவில் கொலராடோவில் இருக்கும் ஸ்டான்லி ஹோட்டல் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது பாதிதான் சரி. எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1974இல் அங்கே 217ஆம் அறையில் தங்கியபோதுதான் அவருடைய நாவலுக்கான கதை பிறந்தது, நாவலில் பேய் அறைக்கும் அதே எண்தான், ஆனால் 1980இல் வந்த படத்தில் வெளியே தெரியும் கட்டடம் ஒரேகானில் இருக்கிற டிம்பர்லைன் லாட்ஜ், உள்ளே பார்ப்பது பெரும்பாலும் இங்கிலாந்தில் போட்ட செட். படத்திலும் 217 என்றே வந்தால் தங்களுடைய 217இல் தங்க இனி ஆட்கள் பயப்படுவார்கள் என்று டிம்பர்லைன் லாட்ஜில் சொன்னதால்தான், அங்கே இல்லாத 237 என்ற எண்ணைப் படத்தில் வைத்தார்கள்.

அந்தப் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அப்பா மண்ணடியில் ஒரு லாட்ஜில் இருபது வருஷம் ரூம் பாயாக இருந்தார். பித்தளை வில்லையில் எண் தேய்ந்துபோன சாவி, துறைமுக வேலையாக வந்து தங்குபவர்கள், விடியற்காலையில் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு ஓட்டம். நம் படங்களில் லாட்ஜ் என்றாலே போலீஸ் ரெய்டுதான். அந்த டீ வாங்கிவரும் ஆளுக்கும் யாராவது ஒரு கதை எழுதுங்கள்.