1985 லண்டன் சொர்க்கமோ?

சனிக்கிழமை எங்கட தமிழ்ச் சனம் மண்டபத்தில வைச்ச எண்பதுகள் பாட்டு இரவில ஒரு அண்ணை மைக்கைப் பிடிச்சுக்கொண்டு சொன்னது எல்லாருக்கும் தெரியும், வீடியோவும் வாட்ஸ்அப்பில சுத்துது. 1985இல லண்டன் சொர்க்கமாம், இப்ப கடல் கடந்து சின்னப் படகில வாற அகதியள்தான் நாசமாக்கிப் போட்டாங்களாம். அதுக்கு மண்டபமே கை தட்டினது. ரெண்டு நாளா எனக்கு அந்தக் கைதட்டல்தான் மனசுக்குள்ள உறுத்திக்கொண்டு கிடக்கு.

1985 எனக்கும் பிடிக்கும். ரீவியில நாலே நாலு சனல், வியாழக்கிழமை பின்னேரம் டொப் ஒஃப் த பொப்ஸ் பாட்டு நிகழ்ச்சி எண்டா வீட்டில இருந்த அத்தினை பேரும் ஒரே அறைக்குள்ள. ஈஸ்ட்எண்டர்ஸ் நாடகத்தொடர் அந்த பெப்ரவரியிலதான் தொடங்கினது, லண்டன் சனம் கதைக்கிற இங்கிலிஷ் என்ர காதில ஏறினதே அதாலதான். ஜூலை 13 லைவ் எய்ட் இசை நிகழ்ச்சி நடக்கேக்க நாங்கள் வெம்ப்ளியில ஒரு அறையில நாலு பேர், யன்னலைத் திறந்தா ஸ்டேடியத்துச் சத்தம், ரீவிக்குள்ளயும் அதே சத்தம், குவீன் இசைக்குழு வந்து பாடினதை இப்ப நினைச்சாலும் புல்லரிக்குது. அதை ஆரும் என்னட்டை இருந்து பறிக்கேலாது.

ஆனா சொர்க்கம் எண்டு சொல்லாதேங்கோ. மீட்டருக்குள்ள 50 பென்ஸ் போடாட்டி ஹீட்டர் நிண்டிடும், காசில்லாத இரவுகளில கோட்டோட படுத்தனாங்கள். பெற்றோல் ஸ்டேசனில இரவு வேலை செய்தனான், கண்ணாடிக்குக் கீழ காசு வைக்கிற தட்டுக்குள்ள பெடியள் துப்பிப்போட்டு "பாக்கி" எண்டு ஆசியாக்காரரைத் திட்டுற இனவெறிச் சொல்லைக் கத்திக்கொண்டு ஓடுவாங்கள், நான் அதைத் துடைச்சுப்போட்டு அடுத்த ஆளுக்கு மிச்சக் காசு குடுப்பன். நாட்டில 30 லட்சத்துக்கு மேல சனம் வேலையில்லாமல் இருந்தது. செப்டெம்பரில பிரிக்ஸ்டனில பொலிஸ் ஒரு கறுப்பினத் தாயை அவவின்ர வீட்டுக்குள்ளயே சுட்டு, அந்த இடமே பத்தி எரிஞ்சது.

எல்லாத்தையும் விடுங்கோ. அதே 1985 மே மாசம்தான் இலங்கை ஆக்களுக்கு விசா வேணும் எண்டு இந்த நாடு சட்டம் போட்டது. ஏன்? 83 இனக்கலவரத்துக்குப் பிறகு தமிழ்ச் சனம் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு வருதெண்டு. கொமன்வெல்த் நாடுகளிலயே முதல் முதல் எங்களுக்குத்தான். உங்கட சொர்க்கம் கதவைச் சாத்தினது எங்கட முகத்திலதான் அண்ணை!

"நாங்கள் முறையா பிளேனில வந்தனாங்கள்" எண்டு கொமெண்டில எழுதப் போறியள், தெரியும். ஆர் முறையா வந்தது? விசா போட்ட பிறகு வந்த எங்கட சனம் எப்பிடி வந்தது எண்டு உங்களுக்குத் தெரியாதோ? 1987 பெப்ரவரியில ஹீத்ரோவில, திருப்பி அனுப்பப் போறாங்கள் எண்டு எதிர்ப்புக் காட்ட உடுப்பைக் கழட்டிப் போட்டு நிண்டது தமிழ்ப் பெடியள். அதே வருசம் ஹாரிச் துறைமுகத்தில ஏர்ல் வில்லியம் எண்ட கப்பலுக்குள்ள அகதியளை அடைச்சு வைச்சாங்கள், பெரும்பாலும் எங்கட ஆக்கள்தான். ஒக்டோபர் பெரும் புயலில அந்தக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போனது, உள்ளுக்கு ஆக்களோட. அப்ப எங்களையும் "பிழைக்க வந்தவங்கள்" எண்டுதான் சொன்னவை, இப்ப நீங்கள் சொல்லுற அதே சொல்லு.

வீடில்லை, டொக்டரைப் பார்க்கேலாது, அது உண்மை. அதை அரசாங்கத்திட்டைக் கேளுங்கோ, நனைஞ்ச உடுப்போட படகில வந்து டோவர் துறைமுகத்தில இறங்கிறவனிட்டை இல்லை.

"பழசைக் கதைச்சு சந்தோசப்படக் கூடாதோ, உனக்கு எல்லாத்திலயும் அரசியல்" எண்டு ஒரு தம்பி இன்பொக்ஸில கேட்டவர். தம்பி, அரசியலைக் கொண்டு வந்தது நானில்லை. பாட்டைப் போட்டு ஆடிப்போட்டுப் போயிருந்தா நானும் சேர்ந்து ஆடியிருப்பன். எங்களுக்குச் செய்ததையே நாங்கள் இன்னொருத்தனுக்குச் செய்யச் சொல்லிக் கை தட்டுறம், அதுவும் பிள்ளையளுக்கு முன்னால. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு.

இதுக்கு லைக் வேண்டாம். அந்த வீடியோவைப் பேரப்பிள்ளையளுக்கு அனுப்பினவை, இதையும் அனுப்புங்கோ.