ஓர் இரங்கல் குறிப்பும் ஒரு கட்டுரையும்

பத்திரிகை ஆசிரியரின் துணிச்சல் பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு யெஷி துரோவிச் நினைவுக்கு வருவார். போலந்தின் கிராக்கோவ் நகரிலிருந்து வரும் 'திகோத்னிக் பொவ்ஷெக்னி' என்ற கத்தோலிக்க வார இதழின் ஆசிரியர். 1945-இல் பொறுப்பேற்றார், 1999-இல் இறக்கும்வரை அவர்தான் ஆசிரியர். இடையில் சுமார் மூன்றரை வருடம் மட்டும் இதழ் அவர் கையில் இல்லை.

அந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். போலந்தின் கம்யூனிஸ்ட் அரசு புகழஞ்சலி போடச் சொன்னபோது துரோவிச் மறுத்துவிட்டார். இதழைப் பிடுங்கி, அரசுக்கு வேண்டிய பாக்ஸ் அமைப்பிடம் கொடுத்தார்கள். அதே பெயர், உள்ளே வேறு ஆட்கள். மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன் வேலையில்லாமல் நின்றார். 1956 கடைசியில் கட்சித் தலைமை மாறிய பிறகே இதழ் திரும்பக் கிடைத்தது.

பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் அவரை வணங்குவது 1987-க்காக.

அந்த ஜனவரியில் இலக்கிய விமர்சகர் யான் ப்வோன்ஸ்கியின் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் யூதர்களை மதில் கட்டி அடைத்துவைத்த பகுதிதான் வார்சா கெட்டோ. அங்கே யூதர்கள் எரிந்துகொண்டிருக்க, மதிலுக்கு வெளியே ராட்டினம் சுற்றிய காட்சியைப் போலந்துக் கவிஞர் மிலோஷ் கவிதையாக எழுதியிருக்கிறார், அங்கிருந்து தொடங்கும் கட்டுரை அது. போலந்துக்காரர்கள் கொன்றார்கள் என்று ப்வோன்ஸ்கி சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு நின்றோம், அதற்கு முந்தைய வெறுப்பிலும் நமக்குப் பங்குண்டு, அதை ஒப்புக்கொள்வோம் என்றார்.

கடிதங்கள் வந்து குவிந்தன, பெரும்பாலும் கோபக் கடிதங்கள். ஸ்டாலின் விஷயத்தில் வாசகர்கள் துரோவிச்சின் பக்கம் நின்றார்கள். இங்கே காயப்பட்டவர்களே அந்த வாசகர்கள்தான். பல வருடம் தணிக்கையையும் தாண்டி இதழைத் தேடி வாங்கியவர்கள், தாங்களும் ஜெர்மானியரிடம் அடி வாங்கியவர்கள். அரசாங்கத்தை எதிர்க்கும் ஆசிரியர்கள் பல நாட்டிலும் உண்டு. தன்னை நேசிக்கிறவர்களிடமே கசப்பைச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பேன்.

அவர் பின்வாங்கவில்லை, மறுப்பவர்களின் வாயையும் அடைக்கவில்லை. அரசை எதிர்த்தவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடிப் பெயர் பெற்ற வழக்கறிஞர் வ்வாதிஸ்வாவ் சிவா-நொவிட்ஸ்கி கடுமையான மறுப்பு எழுதினார். பிப்ரவரியில் துரோவிச் அதையும் அச்சிட்டார். அப்புறம் ஏப்ரலில், 74 வயதில், ப்வோன்ஸ்கிக்கு ஆதரவாகத் தன் பெயரைப் போட்டுத் தானே எழுதினார்.