சோழிக் கணக்கும் கிரகணமும்

சனிப்பெயர்ச்சி நெருங்கினாலே, பழைய மனப்பாட வாக்கியங்களைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமா, வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கைக் கொண்ட திருக்கணிதப் பஞ்சாங்கமா என்ற வழக்கு முகநூலில் மூண்டுவிடுகிறது. திருக்கணிதப்படி சனி 2023 ஜனவரி 17 அன்றே கும்பத்துக்குப் போய்விட்டார். வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா அவ்வாண்டு டிசம்பர் 20 அன்றுதான் நடந்தது. சனி ஓராண்டில் ஏறத்தாழ 12 பாகை மட்டுமே நகர்வதால், சில பாகைப் பிழையும் மாதக்கணக்கில் பெருகித் தெரிகிறது. (ராசியின் எல்லைக்கோட்டை வானத்தில் யாரும் வரைந்து வைக்கவில்லை என்பது வேறு விஷயம்.) வாக்கியம் பொய், திருக்கணிதமே உண்மை என்று நண்பர்கள் எழுதும்போது எனக்கு உடன்பாடில்லை. இரண்டுமே வானத்தைப் பற்றி மனிதன் போட்ட கணக்குகள்தாம். எந்தக் கணக்கும் வானமாகிவிடாது.

1825-இல் சென்னையில் வெளியான தம் நூலில் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களை எழுத்துகளில் பொதிந்து மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தை அவர் எதிரில் கணித்துக் காட்டினார். அவ்வாண்டு மே 31 இரவின் கிரகணம் அது. தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் கணக்குத் தவறியது. பிழையைவிட, காகிதமே இல்லாமல் அவ்வளவு நெருங்க முடிந்ததுதான் என்னை வியக்க வைக்கிறது.

சந்திரன் நிற்கும் இடத்தை நாளுக்கு ஒன்றாகச் சொல்லும் அந்த வாக்கியங்கள் 248. சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து, மீண்டும் அதே நிலைக்கு வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. அத்தகைய ஒன்பது சுற்றுகள் 248 நாளுக்குள் கிட்டத்தட்ட சரியாக அடங்கிவிடுகின்றன. அந்தக் ‘கிட்டத்தட்ட’வில்தான் கலையும் இருக்கிறது, பிழையும் இருக்கிறது. சூரியனின் ஈர்ப்பு சந்திரனை அலைக்கழிக்கும் நுணுக்கங்களையெல்லாம் சேர்த்திருந்தால் கணக்கு வானத்தை இன்னும் நெருங்கியிருக்கும். ஆனால் ஒரு மனிதர் அதை நெஞ்சில் சுமந்திருக்க முடியாது.

இன்றைய கணக்குகள் அந்த நுணுக்கங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. 1969 முதல் நிலவில் வைக்கப்பட்ட பிரதிபலிப்பான்கள்மீது லேசர் பாய்ச்சித் தொலைவைச் சென்டிமீட்டர் அளவில் பார்க்கிறோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் நிலவு விலகுகிறது என்பதும் அப்படித்தான் உறுதியானது. ஆனாலும் பூமியின் சுழற்சி சீராக இல்லை. தொலைதூர எதிர்காலத்துக் கிரகணம் எந்த ஊரில் எத்தனை மணிக்குத் தெரியும் என்பதை வினாடி சுத்தமாக இன்றே சொல்ல இயலாது. அந்தச் சுழற்சியை அளந்து அளந்துதான் திருத்த வேண்டியிருக்கிறது.

ஆகவே வாக்கியப் பஞ்சாங்கத்தின்மீது எனக்குள்ள குறை, அது பிழைபட்டது என்பதன்று. திருத்துவதை நிறுத்திக்கொண்டது என்பதே. கேரளத்து வானியலாளர் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, பழைய கணக்கு விலகுவதைக் கண்டு, 1431-இல் திருக்கணித முறையை வகுத்தார். மரபை மீறியதாக அவர் எண்ணியிருக்க மாட்டார். கிரகணம் எப்போது விடுகிறது என்று வெளியே போய்ப் பார்ப்பதும் அந்தத் தொழிலில் ஒரு பகுதியாகவே அப்போது இருந்தது.